குடம்புளி கொழுப்பைக் கரைக்குமா?

எடை குறைக்கும் மாத்திரை டப்பா எதை எடுத்தாலும் முன்பக்கத்தில் ஒரு ஒல்லியான இடுப்பும் அதைச் சுற்றி ஒரு இஞ்சு டேப்பும் இருக்கும். டப்பாவைத் திருப்பினால் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டவர்களுக்கே சிரமமான பொடி எழுத்தில் ஒரு வரி: முறையான உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்து எடுத்துக்கொண்டால் நல்ல பலன் கிடைக்கும். சட்டத்துக்குப் பயந்து போட்ட வரி என்று நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். என் கட்சி என்னவென்றால், அந்த டப்பாவில் உண்மையாக வேலை செய்வது அந்த வரி ஒன்றுதான். மாத்திரை அதன் பெயரைச் சொல்லிக் காசு வாங்கிக்கொள்கிறது. உடம்பில் ஒரு சத்து குறைந்திருந்தால் அதை மாத்திரையால் ஈடுகட்டலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடுதல் எடை எந்தச் சத்தும் குறைந்ததால் வந்தது அல்ல. ஈடுகட்ட அங்கே எதுவும் இல்லை. இதை நம் பக்கத்துப் பொருள் ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம். குடம்புளி.

மீன்குழம்பு வைக்கத் தெரிந்த குமரி மாவட்டத்துக்காரர்களிடமும் மலையாளிகளிடமும் குடம்புளியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் மரம். வரிவரியாகப் பள்ளம் விழுந்த மஞ்சள் பழத்தின் சதையைச் சுளைசுளையாகப் பிரித்து, வெயிலில் காயவைத்து, புகை காட்டி எடுத்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். இரண்டு மூன்று சுளையைக் கழுவி ஊறவைத்துக் குழம்பில் போட்டால் போதும். இலங்கையில் கொறுக்காய் என்பார்கள். குடகில் இதன் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கச்சம்புளி என்று பன்றிக்கறியில் சேர்ப்பார்கள். 1965-ல் மைசூரைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இதன் புளிப்புக்கு முக்கியக் காரணம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று எழுதினார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில், கல்லீரல் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வழியில் உள்ள ஒரு நொதியை இந்த அமிலம் முடக்குகிறது என்று கண்டார்கள். 1970-களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன, குறைவாகக் கொழுத்தன. வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்? 1990-களில் கார்சீனியா கம்போஜியா என்ற லத்தீன் பெயரோடு அமெரிக்கக் கடைகளில் ஏறியது. பிறகு அதே பெயரோடு நமக்கே திரும்பி வந்து, மளிகைக்கடையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு விலையில் மருந்துக்கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. 2012-ல் டாக்டர் ஆஸ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைத் தூக்கிப் பிடித்தார். 2014 ஜூனில் அமெரிக்க செனட் குழு அவரைக் கூப்பிட்டு, இப்படிப்பட்ட பொருள்களை அற்புதம் என்று சொன்னது ஏன் என்று முகத்துக்கு நேராகக் கேட்டது.

இதற்கெல்லாம் முன்பே, 1998-ல், இதற்கான விடை அச்சில் வந்துவிட்டது. நியூயார்க்கில் ஸ்டீவன் ஹெய்ம்ஸ்ஃபீல்டும் குழுவினரும் எடை கூடிய 135 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், மறுபாதிக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெற்று மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: நார்ச்சத்து மிகுந்த, சுமார் 1,200 கலோரி கொண்ட உணவுத் திட்டம். 12 வாரம் கழித்து எடை பார்த்தார்கள். குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ குறைந்திருந்தார்கள். வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், குடம்புளி கெடுத்தது என்று சொல்ல முடியாது. உதவியது என்றும் சொல்ல வழியில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த வெற்று மாத்திரைக்காரர்கள்தான். மூன்று மாதத்தில் 4 கிலோ என்பது எந்த விளம்பரமும் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் கணக்கு. அவர்களில் ஒருவர் தனியாக அந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டிருந்தால், ஆயுள் முழுக்க அதற்குச் சாட்சி சொல்லியிருப்பார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருந்திருக்காது.

என் மைத்துனிக்குக் குறைந்ததே, பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைந்ததே என்று வரும் எதிர்வாதங்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து டப்பா வாங்கியவர், அன்றைக்கே மாலை பஜ்ஜியை நிறுத்துவார், டீயில் சர்க்கரையைக் குறைப்பார், ராத்திரி பரோட்டாவுக்குப் பதில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார். கொடுத்த காசு வீணாகக் கூடாதே. மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் உடம்பில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் செலவாகும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதுவும் சேர்ந்து வெளியேறும். ஏழாம் நாள் இரண்டு கிலோ குறைந்ததாக முள் காட்டுவதில் பெரும்பங்கு தண்ணீர். போதாக்குறைக்கு, யாருமே எடை உச்சத்தில் இருக்கிறபோதுதான் இப்படி ஒரு முடிவுக்கு வருவார்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்குவது எப்படியும் நடக்கக்கூடியது. இத்தனையையும் வடிகட்டி, மாத்திரையின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பார்க்கத்தான் எதிரில் ஒரு வெற்று மாத்திரைக் குழு தேவைப்படுகிறது. தனி மனிதரின் அனுபவத்துக்கு அந்த எதிர்ப்பக்கம் கிடையாது.

ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்டலாமா? கட்டக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். 2011-ல் இகோ ஒனக்பொயா, எட்சார்டு எர்ன்ஸ்ட் முதலானோர் குடம்புளி ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிட 0.88 கிலோ கூடுதலாகக் குறைந்ததாக வந்தது. ஒழுங்காக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் நம்பத்தக்க அளவில் நிற்கவில்லை. எலிகளுக்கு வேலை செய்தது மனிதருக்கு ஏன் செய்யவில்லை என்பது இதைவிடச் சுவாரசியமான கேள்வி. அந்த எலிகளுக்குச் சர்க்கரை கொட்டிய தீனி போட்டார்கள். அப்படித் தின்னும் எலியின் கல்லீரல் மும்முரமாகச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும். அந்த வேலையைத் தடுத்தால் பலன் தெரியும். கலந்து சாப்பிடும் மனிதரிடம் இந்த மாற்று வேலை சின்ன அளவிலேயே நடக்கிறது. நம் தொப்பையில் சேர்வது பெரும்பாலும் சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் நேரடியாகப் போய்ச் சேர்ந்த கொழுப்பு. மாவுச்சத்து செய்கிற காரியம், அந்தக் கொழுப்பை எரிய விடாமல் தான் முந்திக்கொண்டு எரிவது.

நாம் மூன்று வேளையும் அரிசியும் மாவும்தானே சாப்பிடுகிறோம், நமக்கும் அந்த எலிக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே ஒரு கெட்டிக்காரக் கேள்வி வரலாம். இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு சொல்கிறது. கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களிடம் இந்த மாற்று வேலை கூடுதலாக நடப்பதும் உண்மை. ஆனாலும் அந்த நொதியை மனிதரிடம் உண்மையிலேயே முடக்கிப் பார்த்தாகிவிட்டது. பெம்பிடோயிக் அமிலம் என்ற கொலஸ்ட்ரால் மருந்து கல்லீரலில் தாக்குவது குடம்புளி தாக்குவதாகச் சொல்லும் அதே நொதியைத்தான். சுமார் 14,000 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், அது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைத்து, மாரடைப்பு போன்ற பெரிய இதய பாதிப்புகளை 13 விழுக்காடு குறைத்தது. நல்ல மருந்து. ஆனால் எடை குறைய வேண்டும் என்று எந்த மருத்துவரும் அதை எழுதித் தருவதில்லை. நொதி, பாதை, தடுப்பு என்று படம் போட்டு விளக்குவது எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைசியில் ஆள் இறங்கி எடை மேடையில் நின்றால்தான் தெரியும்.

குடம்புளியை மட்டும் போட்டு அடிப்பதாக நினைக்க வேண்டாம். சத்து மாத்திரைகள் எங்கே வேலை செய்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும், அதிலும் தமிழ்நாட்டு மண்ணுக்குப் பங்கு உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பியிருந்தவர்களைக் கால் மரத்து, நடக்க முடியாமல் போட்ட பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று பார்ப்பது வேலை. அரிசியின் தவிட்டோடு தயமின் என்ற வைட்டமினும் போய்விடுவதுதான் காரணம். அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அது குன்னூரில் இருந்த காலத்திலேயே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் தங்கி வேலை செய்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மலிவான மார்மைட்டைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பிற்பாடு தெரிந்தது. 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வு, முதுகுத்தண்டுக் குறையோடு ஏற்கெனவே ஒரு குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அந்தக் குறை 72 விழுக்காடு தவிர்க்கப்படுகிறது என்று காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது. இதைக் குறை சொல்பவன் நான் இல்லை.

குறை இருக்கும் இடத்தில் இவ்வளவு பலன் தந்த பொருள், குறை இல்லாதவருக்கு இன்னும் கொஞ்சம் தந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்பது இயல்பாக எழும் ஆசை. நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர் வழிந்து போகும், அவ்வளவுதானே என்று பலர் சமாதானம் சொல்வார்கள். வழிந்து போவதோடு நிற்பதில்லை என்பதை ஃபின்லாந்துக்காரர்கள் கண்டார்கள். காய்கறி, கீரை, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. அவற்றில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. ஆகவே அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த இன்னொரு ஆய்வில் 28 விழுக்காடு அதிகம் என்று தெரிந்து, 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில் வைட்டமின் ஈ மாத்திரை புராஸ்டேட் புற்றுநோயை 17 விழுக்காடு கூட்டியது. கீரையில் இருக்கும் நூறு பொருளில் ஒன்றைப் பிரித்தெடுத்து, கீரையில் கிடைக்கவே கிடைக்காத அளவில் கொடுத்தால் அது கீரை ஆகிவிடாது. கீரை சாப்பிடுகிறவர் கீரையை மட்டும் வித்தியாசமாகச் சாப்பிடுவதில்லை என்பதும் இருக்கிறது. அவர் தட்டில் வேறு என்ன இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

இயற்கைப் பொருள்தானே, பாட்டி காலத்திலிருந்து குழம்பில் போடுகிறோமே, கெடுதல் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். குழம்பில் நாலு பேருக்கு இரண்டு சுளை. மாத்திரையில் அதன் அமிலத்தைப் பிரித்து, அடர்த்தியாக்கி, நாளுக்கு மூன்று வேளை, மாதக்கணக்கில். குடம்புளி மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி மஞ்சள்காமாலையோடு வந்தவர்களை அமெரிக்க மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு குறிப்பிட்ட நோய் எதிர்ப்பு மரபணு வகை இருந்ததும் தெரியவந்திருக்கிறது. எல்லோருக்கும் வராது, வெகு சிலருக்குத்தான் வரும். அந்த வெகு சிலரில் தான் ஒருவரா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பலனே இல்லாத ஒன்றுக்காக எவ்வளவு சின்ன ஆபத்தை ஏற்றாலும் அது நஷ்டக் கணக்கு. கிரீன் டீயும் இப்படித்தான். கோப்பையில் குடித்தால் ஒன்றும் இல்லை, அதன் சாற்றை மாத்திரையாக்கி, அதில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது.

இல்லை, நான் வாங்கிய மாத்திரை உண்மையாகவே வேலை செய்கிறது, பசியே எடுப்பதில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கூடுதலாகப் பயம் வரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை, சொல்லாமல் மருந்து கலந்த 776 சத்துப் பொருள்களைப் பிடித்தது. அதில் 317 எடை குறைப்புக்கானவை. அவற்றில் 269-ல் இருந்தது சிபுட்ரமின். பசியை அடக்கும் இந்த மருந்து ஒரு காலத்தில் மருத்துவர் சீட்டோடு விற்றது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாகத் தெரிந்ததும் 2010-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும், 2011-ல் இந்தியாவும் நிறுத்திவிட்டன. மூலிகை என்று எழுதிய டப்பாவுக்குள் அது மறுபடி புகுந்துகொண்டது. ரத்த அழுத்தம் உள்ளவர் மூலிகைதானே என்று நம்பி அதைச் சாப்பிடுவார். இந்த அவலத்துக்கு அடிப்படை, அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். சத்துப் பொருளை விற்பவர் அது வேலை செய்கிறது என்று முன்கூட்டியே அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. அது கெடுதல் என்று அரசுதான் பின்னால் ஓடிப்போய் நிரூபிக்க வேண்டும். எஃபெட்ரா என்ற மூலிகை எடை குறைப்புக்கென்று தாராளமாக விற்றது. 2003-ல் பால்டிமோர் பேஸ்பால் அணியின் 23 வயது வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி இறந்தார். அதில் எஃபெட்ராவுக்குப் பங்கு உண்டு என்று பிணப் பரிசோதனை செய்தவர் சொன்னார். 2004-ல்தான் தடை வந்தது. நம் ஊரில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அந்த எண், உணவுத் தொழில் நடத்த அந்தக் கம்பெனிக்கு அனுமதி இருக்கிறது என்பதற்கு; எடை குறையும் என்பதற்கு அரசு கொடுத்த சான்றிதழ் அல்ல. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதே டப்பாவில் எழுதியிருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

சரி, மாத்திரையை ஒதுக்கிவிட்டால் உணவுக்கு மட்டும் என்ன ஆதாரம்? 2019-ல் கெவின் ஹாலும் குழுவினரும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் பாக்கெட்டும் டப்பாவுமான ஆலை உணவு, இரண்டு வாரம் சமையலறையில் ஆக்கிய உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டும் மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். இதில் ஒரு சின்ன விவரம் எனக்குப் பிடிக்கும். ஆலை உணவில் நார்ச்சத்து போதாததால், கணக்கைச் சமன் செய்ய நார்ச்சத்துப் பொடியை லெமனேடில் கரைத்துக் கொடுத்தார்கள். கிராம் கணக்கில் நார்ச்சத்து சமமாகிவிட்டது. அவர்கள் அதிகமாகச் சாப்பிட்டது நிற்கவில்லை. பொடியாகக் கரைத்துக் குடித்த நாரும், மென்று தின்ற காயில் இருக்கும் நாரும் வயிற்றுக்கு ஒன்றாக இல்லை. இதற்கு நேர் எதிராக, எந்த டயட் சிறந்தது என்ற சண்டைக்கு அவ்வளவு சாரம் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை ஓர் ஆண்டு கவனித்ததில், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. இரண்டு பக்கத்துக்கும் காய்கறியைக் கூட்டச் சொன்னார்கள், சர்க்கரையையும் மைதாவையும் குறைக்கச் சொன்னார்கள்.

எடையும் ஆரோக்கியமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதிலும் ஒரு பிசகு இருக்கிறது, அதைக் காட்டியது சென்னை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்குச் சொன்னது சாதாரணம்தான்: சர்க்கரையை விடு, தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு, நாளுக்கு அரைமணி நட. சுமார் மூன்று ஆண்டுகளில், எதுவும் செய்யாத குழுவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். இந்தக் குழுவில் 39.3 விழுக்காடு. அவர்கள் எடை சொல்லும்படி குறையவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எடை மேடையை மட்டும் பார்த்திருந்தால், நமக்குப் பலன் இல்லை என்று ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் விட்டிருப்பார்கள். எடை குறைப்பு மாத்திரை வியாபாரம் நம்மைப் பழக்குவது அந்த ஒற்றை எண்ணுக்குத்தான்.

அப்படியானால் எல்லா மாத்திரையையும் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறேனா என்றால் இல்லை. பாலும் முட்டையும்கூடத் தொடாத சைவர்களுக்கு பி12 மாத்திரை அவசியம். செடிகொடிகளில் அது நம்பத்தக்க அளவில் கிடையாது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 இறங்கக்கூடும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வைட்டமின் டி குறைந்திருந்தால் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதுவார்கள். அதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டும், சீட்டு முடிந்த பிறகு தானாகவே மாதக்கணக்கில் தொடர்ந்தும், ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வந்து நிற்கிறவர்கள் உண்டு. புரதப் பொடி பற்றி 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உடம்பு ஏற்றுவதற்காக அதை நம்ப வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அதே ஆண்டு கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொருள்களைச் சோதித்ததில், சுமார் 70 விழுக்காட்டில் டப்பாவில் போட்ட கணக்கும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சுண்டலுக்கும் முட்டைக்கும் அந்தப் பிரச்சினை இல்லை.

கடைசியாக ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எடையை மருந்தால் குறைக்க முடியாது என்றால் செமாக்ளூடைடு ஊசி எப்படிக் குறைக்கிறது? குறைக்கத்தான் செய்கிறது. 2021-ல் வெளியான ஆய்வில் 1,961 பேர். குடம்புளி எழுதிய அதே பரீட்சைதான், மூன்றில் ஒரு பங்கினருக்கு வெற்று ஊசி, இரண்டு பக்கத்துக்கும் உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். 68 வாரத்தில் வெற்று ஊசிக்காரர்கள் எடையில் 2.4 விழுக்காடும், மருந்துக்காரர்கள் 14.9 விழுக்காடும் இழந்தார்கள். இது எந்தக் குறையையும் நிரப்பவில்லை. மூளையில் பசியின் கணக்கையே மாற்றுகிறது, அதனால் தட்டில் சோறு குறைகிறது. அதாவது இதுவும் உணவின் வழியாகத்தான் வேலை செய்கிறது, உணவைத் தாண்டி அல்ல. மருந்து என்பதால் குமட்டல், பித்தப்பைக் கல், கணைய அழற்சி என்று பக்க விளைவுகளை வெளிப்படையாக எழுதி, மருத்துவர் சீட்டோடுதான் தருகிறார்கள். எடையால் உடம்புக்கு உண்மையான ஆபத்து உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி இதை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எடை குறைப்புக்கென்று வரும் இந்த ஊசி 2025-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டதால், கல்யாணத்துக்கு நாலு மாதம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களும் வந்துவிட்டார்கள். மேலே சொன்ன ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் போகும் செலவு எத்தனை ஆண்டுக்கு, நிறுத்த வேண்டி வந்தால் எப்படி நிறுத்துவது, அதற்குள் சாப்பாட்டில் என்ன மாற வேண்டும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.